சொன்னான், பேசினான், அடித்துச் சொன்னான்: லத்தீனில் வாய் திறக்கும் வினைகள்

"மார்க்குஸ் வரமாட்டேன் என்று சொன்னான்." இந்த ஒரு வரியை லத்தீனில் எழுதச் சொன்னால், புதிதாகக் கற்பவர் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போவார். 'சொல்' என்பதற்கு அகராதியில் முதலில் கிடைப்பது தீக்கோ. 'இல்லை' என்பதற்கு நோன். இரண்டையும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார். இலக்கணப்படி அதைப் பெரிய பிழை என்று தள்ள முடியாது. ஆனால் ரோமானியர் அப்படி எழுதுவது அரிது. 'நெகாவித் ஸே வெந்தூரும் எஸ்ஸே' என்று எழுதியிருப்பார். நெகோ என்ற ஒரே வினையில் சொல்வதும் மறுப்பதும் சேர்ந்தே இருக்கின்றன. 'இல்லை என்று சொல்கிறேன்' என்பதே அதன் முழுப் பொருள்.

இந்த இயல் பேசும் செய்தி இதுதான். லத்தீனில் ஒரு பேச்சு வினையைத் தேர்ந்தெடுப்பவர், என்ன சொல்லப்பட்டது என்பதோடு நின்றுவிட முடியாது. சொன்னவர் அதற்கு எவ்வளவு பொறுப்பேற்கிறார், கேட்பவர் யார், அந்தப் பேச்சினால் என்ன நடந்தது என்பதையும் பார்த்தாக வேண்டும். சொல் வளத்தைக் காட்டுவதற்காக வினைகளை மாற்றி மாற்றிப் போடுகிறவர் இதில் வழுக்கி விழுவார். ரோமானியருக்கு அவை ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வைக்கும் சொற்கள் அல்ல.

உச்சரிப்பு பற்றி ஒரு குறிப்பு. லத்தீனின் t, d ஒலிகள் இத்தாலிய மொழியில் போலவே பல்லில் நாக்குப் படுபவை. எனவே இந்த நூலில் அவை 'த' என்றே எழுதப்படுகின்றன. லத்தீன் அகராதிகள் வினையைத் தன்மை ஒருமையில் தருவது வழக்கம். தீக்கோ என்றால் 'சொல்கிறேன்'. சிசரோ, சீசர் போன்ற பெயர்கள் மட்டும் தமிழில் வழங்கும் வடிவிலேயே வருகின்றன.

முதலில் பிரித்தறிய வேண்டிய இணை தீக்கோவும் லோக்வோரும். தமிழருக்கு இது மிக எளிது. 'அவர் தமிழ் பேசுகிறார்' என்போம். 'தமிழ் சொல்கிறார்' என்று சொல்ல மாட்டோம். லத்தீனிலும் 'லத்தீனே லோக்வித்தூர்' என்றால் லத்தீன் பேசுகிறார் என்பது பொருள். லோக்வோர் வாய் திறந்து பேசும் செயலைக் காட்டுகிறது. நண்பர்கள் உட்கார்ந்து பேசுவது அதன் இயல்பான இடம். தீக்கோ சொல்லப்படும் பொருளை நோக்கியது. அதற்கு ஒரு செயப்படுபொருள் வேண்டும்: ஒரு கருத்து, ஒரு தீர்ப்பு, ஒரு வழக்குரை.

சிசரோ இதைத் தம் தொழிலின் அடிப்படையாகவே கொண்டார். கி.மு. 46-இல் எழுதிய 'ஓராத்தோர்' நூலில் லோக்வீயும் தீக்கெரேயும் ஒன்றல்ல என்கிறார். உரையாடி வாதிடுவது தர்க்க அறிஞரின் கலை. சொற்பொழிவாளருக்கு உரியது தீக்கெரே. தீக்கெரே என்ற சொல்லையே 'மேடையில் உரையாற்றுதல்' என்னும் பொருளில் அவர் ஆள்வதைக் கவனிக்க வேண்டும். கி.மு. 70-இல் வெர்ரெஸ் என்ற ஊழல் ஆளுநருக்கு எதிராக அவர் ஆற்றிய முதல் உரை 'தீக்ஸீ' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிகிறது. சொன்னேன், என் தரப்பை வைத்துவிட்டேன் என்று பொருள். அந்த இடத்தில் லோக்வோரின் இறந்தகால வடிவத்தைப் போட்டால் 'பேசிக்கொண்டிருந்தேன்' என்பது போல உப்புச்சப்பில்லாமல் போய்விடும்.

தீக்கோவின் எடை அதன் வேரிலிருந்து வருகிறது. அந்த வேரின் பழைய பொருள் 'சுட்டிக்காட்டு' என்பது. வடமொழியின் 'திச்' என்ற வேரும் அதே மூலத்தைச் சேர்ந்ததே. தமிழில் நாம் வழங்கும் 'திசை' அந்த வழியில் வந்தது. சுட்டுவிரலுக்கு லத்தீனில் இந்தெக்ஸ் என்று பெயர். நீதிபதிக்கு யூதெக்ஸ், அதாவது நீதியைச் சுட்டுபவர். 'யூஸ் தீக்கெரே' என்றால் நீதி வழங்குதல். 'தியெம் தீக்கெரே' என்றால் ஒருவர்மேல் வழக்கு வைத்து நாள் குறித்தல். இந்தத் தொடர்கள் எதிலும் தீக்கோவை எடுத்துவிட்டு வேறு பேச்சு வினையை வைக்க முடியாது. சொன்னதும் ஒன்று நடந்துவிடுகிறது. அந்த இடத்துக்குத் தீக்கோ.

லோக்வோரைப் பற்றி ரோமானிய அறிஞர் வர்ரோ எழுதியது படிக்கச் சுவையானது. அவருடைய 'லத்தீன் மொழி பற்றி' 25 பகுதிகள் கொண்ட நூல். அதில் 5 முதல் 10 வரையிலான பகுதிகளே பெருமளவு நமக்குக் கிடைத்துள்ளன. ஆறாம் பகுதியில் அவர் லோக்வீயை லோக்குஸ், அதாவது 'இடம்' என்ற சொல்லோடு சேர்த்துப் பார்க்கிறார். இன்றைய மொழியியல் அந்தத் தொடர்பை ஏற்பதில்லை. ஆனால் அதை வைத்து அவர் சொல்லும் கருத்து கூர்மையானது. கிரேக்க அறிஞர் கிரிசிப்பஸின் துணையோடு, காக்கையும் இப்போதுதான் மழலை பேசத் தொடங்கிய குழந்தையும் உண்மையில் பேசவில்லை, பேசுவது போலச் செய்கின்றன என்கிறார். ஒவ்வொரு சொல்லையும் அதனதன் இடத்தில் வைப்பவரே பேசுகிறவர். மனிதனின் உருவப்படம் மனிதன் ஆகாது என்பதுபோல, அந்த ஒலிகளும் சொற்கள் ஆகா.

குழந்தை என்றதும் ஃபாரீ என்ற வினை வந்துவிடுகிறது. இது பழமையானது, கவிதைக்கும் சடங்குக்கும் உரியது. வெர்கிலின் காவியத்தில் வீரர்களும் தெய்வங்களும் இந்த வினையோடு பேசத் தொடங்குவார்கள். உரைநடையில் மாணவர் இதைக் கையாளாமல் இருப்பதே நல்லது. ஆனால் இதன் பிள்ளைகளை அறிந்தே ஆக வேண்டும். இன்ஃபான்ஸ் என்றால் பேச இயலாதவர், அதாவது குழந்தை. பிற்கால ரோமானியச் சட்டம் ஏழு வயது வரை அந்தப் பருவத்தைக் கணக்கிட்டது. ஃபாத்தும் என்றால் தெய்வ வாயால் சொல்லப்பட்டது, அதாவது விதி. ஃபாமா ஊர்ப்பேச்சு. ஃபாபுலா கதை.

ரோமானிய நாட்காட்டியின் ஃபாஸ்த்தி என்ற பெயரையும் வர்ரோ இதே வினையோடு இணைக்கிறார். நீதி வழங்கும் பிரெட்டர் என்ற அதிகாரி குறிப்பிட்ட மூன்று சொற்களைச் சொல்ல அனுமதி உள்ள நாட்கள் அவை: தோ, தீக்கோ, அத்தீக்கோ. தருகிறேன், அறிவிக்கிறேன், உரியதாக்குகிறேன். மற்ற நாட்கள் நெஃபாஸ்த்தி. அத்தகைய நாளில் ஒரு பிரெட்டர் அடிமையை விடுவித்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் வர்ரோ பதிவு செய்திருக்கிறார். அடிமை விடுதலை பெற்றவரே. சொன்ன சொல் செல்லும். ஆனால் அறியாமல் சொன்ன அதிகாரி பரிகாரப் பலி கொடுக்க வேண்டும். தெரிந்தே சொன்னவருக்குப் பரிகாரமே இல்லை என்பது முகியுஸ் என்ற சட்ட அறிஞரின் கருத்து. மூன்றாம் சொல்லான அத்தீக்கோவுக்கு இன்னொரு முகமும் உண்டு. கடனைக் கட்ட முடியாமல், தீர்ப்பின்படி கடன் கொடுத்தவர் கையில் ஒப்படைக்கப்பட்டவர் அத்திக்துஸ். போதைக்கு அடிமையானவரை ஆங்கிலத்தில் 'அடிக்ட்' என்பது அங்கிருந்து வந்ததே.

இனி நேர்கூற்று. ஒருவர் சொன்னதை அவர் வாய்மொழியாகவே தரும்போது லத்தீனுக்கு உரிய வினை இன்க்வாம். 'இன்க்வித்' என்றால் 'என்றான்', 'என்கிறான்'. நம்முடைய 'என்' என்ற வினைக்கு இது நெருங்கிய உறவு போலவே நடந்துகொள்ளும். இடம் மட்டும் வேறு. தமிழில் 'என்றான்' கூற்றின் முடிவில் வரும். இன்க்வித் கூற்றின் நடுவில், ஒன்றிரண்டு சொற்கள் கழிந்ததும் புகுந்துகொள்ளும்: "க்ராஸ்," இன்க்வித் மார்க்குஸ், "வெனியாம்." நாளை வருவேன் என்றான் மார்க்குஸ். கூற்றுக்கு முன்னால் அதைப் போடுவது தொடக்கநிலை மாணவர்களின் எழுத்தில் அடிக்கடி காணும் தவறு.

சீசரின் கால் (Gaul) நாட்டுப் போர்க் குறிப்புகளில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கி.மு. 55-இல் பிரிட்டன் கடற்கரையில் வீரர்கள் கப்பலைவிட்டு ஆழநீரில் இறங்கத் தயங்குகிறார்கள். பத்தாம் படையின் கழுகுக்கொடி ஏந்தியவன் குதிக்கச் சொல்லிக் கூவுகிறான். முதல் சொல் 'குதியுங்கள்' என்ற ஏவல். அதை அடுத்தே இன்க்வித் வருகிறது. பெரும்பாலும் அயற்கூற்றிலேயே எழுதிச் செல்லும் சீசர், அந்தச் சாதாரண வீரனுக்கு நேர்கூற்றைக் கொடுத்தது தற்செயலாக இருக்க முடியாது. அந்தக் குரல் வாசகர் காதில் விழ வேண்டும் என்று அவர் விரும்பியிருக்கிறார்.

அதே நூலின் முதல் பகுதியில் ஜெர்மானிய அரசன் அரியோவிஸ்துஸின் பேச்சுகள் இதற்கு நேர் எதிர். 'ரெஸ்பொந்தித்', அதாவது 'பதிலளித்தான்' என்ற ஒரு வினை; அதன் பிறகு பத்தி முழுக்க அயற்கூற்று. இங்கேதான் லத்தீன் கற்பவர்களில் பலர் திணறுகிறார்கள். அயற்கூற்றில் எழுவாய் இரண்டாம் வேற்றுமைக்குப் போய்விடும். வினை காலம் காட்டும் வினைப்பெயராக மாறிவிடும். 'என்று' போன்ற இணைப்புச் சொல் எதுவும் இருக்காது.

தமிழர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. 'வருவேன் என்று சொன்னான்' என்பதிலிருந்து தொடங்கினால் தடுமாற்றம்தான். அதையே 'தான் வருவதாகச் சொன்னான்' என்று மாற்றிக்கொண்டால் லத்தீன் பாதி தயாராகிவிடும். 'வருவதாக' என்பதில் தன்மை, படர்க்கை அடையாளம் கிடையாது; காலம் மட்டுமே இருக்கிறது. லத்தீனின் 'வெந்தூரும் எஸ்ஸே' அப்படிப்பட்டதே. அதைவிட முக்கியம் 'தான்'. பேசியவரையே சுட்டும் இந்தச் சொல்லின் வேலையை லத்தீனில் 'ஸே' செய்கிறது. 'தான் வருவதாகச் சொன்னான்' என்றால் ஸே. வேறொருவன் வருவதாகச் சொன்னால் எயும். ஆங்கில வழியில் லத்தீன் படிப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. தமிழ் அதை வீட்டிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறது. 1716-இல் ஹாலெ நகரில் அச்சான சீகன்பால்குவின் தமிழ் இலக்கணமும், வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் லத்தீனில் எழுதப்பட்டவை. இரு மொழிகளையும் இப்படி அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் மூன்று நூற்றாண்டு பழையது.

நெகோவுக்குத் திரும்பினால், இன்னும் ஒரு நுட்பம் பாக்கியிருக்கிறது. 'யாரையும் பார்க்கவில்லை என்று சொல்கிறான்' என்பதை எழுதும்போது 'நேமோ', அதாவது 'ஒருவரும் இல்லை' என்ற சொல்லுக்கு இடமில்லை. மறுப்பு வினையிலேயே அடங்கிவிட்டதால் பின்னால் வருவது 'க்வெம்க்வாம்', அதாவது 'யாரையும்'. அதன் பிறகு 'ஆனால் வீட்டில் இருந்ததாக' என்று உடன்பாட்டுக் கூற்று தொடர்ந்தால் 'சொல்கிறான்' என்ற வினையைப் படிப்பவரே வருவித்துக்கொள்ள வேண்டும். லத்தீன் எழுத்தாளர்கள் அதைத் திரும்ப எழுதாமல் விடுவதுண்டு.

நெகோவின் எதிர்ச்சொல் ஆயோ: 'ஆம் என்கிறேன்'. கி.மு. 161-இல் அரங்கேறிய டெரன்ஸின் 'யூனுகுஸ்' நாடகத்தில் க்னாதோ என்ற ஒட்டுண்ணிப் பாத்திரம், யார் எதை மறுத்தாலும் தானும் மறுப்பதையும் யார் ஆம் என்றாலும் தானும் ஆம் என்பதையும் தன் பிழைப்பாகச் சொல்லிக்கொள்கிறது. அங்கே இந்த இரு வினைகளும் எதிரெதிரே நிற்கின்றன. பேச்சு வழக்கில் 'ஐன் தூ?' என்றால் 'அப்படியா சொல்றே?' என்ற வியப்பு. பழமொழியைச் சுட்டும்போது 'உத் ஆயுந்த்', 'சொல்வார்களே, அதுபோல'.

இந்த எளிய வினைக்கு நீதிமன்றத்தில் வேறு முகம். 2-ஆம் நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர் காயுஸ் பழைய உரிமை வழக்கு முறையை விவரிக்கிறார். அவருடைய பாடநூலின் கையெழுத்துப் பிரதியை 1816-இல் வெரோனா நூலகத்தில் நீபூர் என்ற அறிஞர் கண்டெடுத்தார். ஓர் அடிமை யாருக்குச் சொந்தம் என்பதில் தகராறு என்றால், வழக்காடுபவர் கையில் கோலை ஏந்தி, அந்த மனிதரைப் பிடித்துக்கொண்டு, ரோமக் குடியுரிமைச் சட்டப்படி இவர் எனக்கு உரியவர் என்று ஆயோ வினையால் அறிவிப்பார். எதிர்த்தரப்பும் அதே சொற்களை, அதே செய்கையோடு சொல்லும். இருவரும் 'ஆயோ' என்ற பிறகே வழக்கு தொடங்கும்.

உறுதியாகச் சொல்வதற்கான மற்ற வினைகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். அஃபிர்மோவில் 'உறுதி' என்ற பொருள் உள்ளேயே இருக்கிறது. ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லுதல். அஸ்ஸெவேரோவில் ஸெவேருஸ், அதாவது 'கண்டிப்பு' கலந்திருக்கிறது; முகத்தில் சிரிப்பின்றி, அழுத்தமாகச் சொல்லுதல். கொந்தெந்தோ என்றால் இழுத்துப் பிடித்தல். எதிர்வாதம் இருந்தும் தன் கருத்தை விடாமல் நிற்பது. அதே வினைக்கு 'விரைந்து செல்' என்ற பொருளும் உண்டு. சீசரில் அதுவே அதிகம். அவுத்துமோ என்பது நாடக ஆசிரியர் பிளாட்டஸ் காலத்துச் சொல். 1-ஆம் நூற்றாண்டில் சொற்கலை ஆசிரியர் குவின்டிலியனே அதைச் சோக நாடகத்துக்கு உரிய பழஞ்சொல் என்று ஒதுக்கிவிட்டார். இன்று எழுதுபவரும் ஒதுக்கலாம்.

இவற்றில் ஏமாற்றுவது அஸ்ஸெரோ. ஆங்கிலச் சாயலைப் பார்த்து இதைச் 'சாதித்துச் சொல்' என்று மொழிபெயர்ப்பவர் செம்மொழிக் கால நூலில் தவறிவிடுவார். அது கையால் பற்றி உரிமை கோருவது. ஒருவரை விடுதலைக்கு அஸ்ஸெரோ செய்யலாம், அடிமைத்தனத்துக்கும் செய்யலாம். வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் வெர்கினியாவின் கதை, மரபுப்படி கி.மு. 449-இல் நடந்தது. அதில் அப்பியுஸ் கிளாடியுஸ் என்ற அதிகாரியின் ஆள், சுதந்திரமாகப் பிறந்த பெண்ணைத் தன் அடிமை என்று உரிமை கோருகிறான். அங்கே வரும் வினை இதுவே. மகளைக் காக்க வேறு வழி காணாத தந்தை அவளைத் தன் கையாலேயே கொல்கிறார். அது ரோமில் புரட்சியாக வெடிக்கிறது. அந்த இடத்தில் 'வலியுறுத்தினான்' என்று மொழிபெயர்த்தால் கதையின் கொடுமை பாதி மறைந்துவிடும்.

வாக்குறுதி வினைகளில் தேர்வு இன்னும் நுட்பமானது. தானே முன்வந்து வாக்களிப்பது பொல்லிக்கெயோர், கேட்டதற்கு இணங்கி வாக்களிப்பது ப்ரோமித்தோ என்று வெர்கிலுக்கு உரை எழுதிய செர்வியுஸ் பிரிக்கிறார். எழுத்தாளர்கள் எல்லோரும் இதைக் கடைப்பிடித்ததில்லை. ஆனால் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருந்தால் பல இடங்கள் துலங்கும். மூன்றாவதான ஸ்பொந்தேயோ சட்டத்தின் சொல். 'ஸ்பொந்தெஸ்னே?' என்று கேட்க, 'ஸ்பொந்தேயோ' என்று விடை சொன்னால் ஒப்பந்தம் முடிந்தது. இந்த ஒரு வினையை ரோமக் குடிமக்கள் மட்டுமே பயன்படுத்தலாம், மற்ற வாக்குறுதிச் சொற்கள் வெளியாருக்கும் செல்லும் என்று காயுஸ் குறிப்பிடுகிறார். மணம் பேசி முடிக்கப்பட்ட பெண் ஸ்பொன்ஸா. அரியோவிஸ்துஸின் பேச்சுக்குச் சீசர் பயன்படுத்திய ரெஸ்பொந்தேயோவிலும் இதே வினைதான் இருக்கிறது, வாக்குக்கு எதிர்வாக்கு.

ஒப்புக்கொள்ளும் வினைகள் ஃபாரீயின் குடும்பம். ஃபத்தேயோர் என்றால் உள்ளதை ஏற்றல். கொன்ஃபித்தேயோர் என்றால் மறைத்ததை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளுதல். ப்ரொஃபித்தேயோர் என்றால் ஒருவரும் கேளாமலே பலரறிய அறிவித்தல்; ஒரு துறையில் தம் புலமையை இப்படி அறிவித்துக்கொண்டவரே ப்ரொஃபெஸ்ஸோர். கத்தோலிக்க வழிபாட்டில் பாவத்தை ஏற்றுச் சொல்லும் மன்றாட்டுக்கு அதன் முதல் சொல்லான 'கொன்ஃபித்தேயோர்' என்பதே பெயராயிற்று. கிறிஸ்தவ லத்தீனில் இந்த வினைக்கு இறைவனைப் புகழ்தல் என்ற பொருளும் வளர்ந்தது. அகுஸ்தீனின் 'கொன்ஃபெஸ்ஸியோனெஸ்' நூலைக் குற்ற ஒப்புதல் என்று மட்டும் எண்ணிப் படிப்பவர், அதில் பக்கம் பக்கமாக வரும் புகழுரையைப் புரியாமல் கடந்துவிடுவார்.

அகராதி பார்ப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. தீக்கெரே 'சொல்லுதல்', திக்காரே 'அர்ப்பணித்தல்'. ப்ரைதீக்கெரே 'முன்கூட்டிச் சொல்லுதல்', ப்ரைதிக்காரே 'பலர்முன் பறைசாற்றுதல்'. இந்தீக்கெரே 'போர் முதலியவற்றை அறிவித்தல்', இந்திக்காரே 'காட்டிக்கொடுத்தல்'. லத்தீன் நூல்கள் பொதுவாகக் குறில் நெடில் அடையாளமின்றி அச்சாவதால் ப்ரைதீக்கோவும் ப்ரைதிக்கோவும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும். குறிப்பேட்டில் லத்தீன் வினைகளைத் தமிழ் எழுத்திலும் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

இந்த வினைகளுக்குப் பின்னாளில் நேர்ந்ததும் அறியத்தக்கது. தீக்கெரே இத்தாலியத்தில் தீரே, ஸ்பானியத்தில் தெசிர், ருமேனியத்தில் ஸீச்சே என்று இன்றும் வாழ்கிறது. லோக்வீ வழக்கொழிந்தது. அதன் இடத்தை இத்தாலியத்தில் பார்லாரே பிடித்தது. அது பாரபோலா, அதாவது உவமைக் கதையிலிருந்து வந்தது. ஸ்பானியத்தில் ஆப்லார், ஃபாபுலாவின் வழி. சார்தீனியத் தீவில் மட்டும் 'சொல்லுதல்' என்பதற்கு நர்ராரே, அதாவது 'கதை சொல்லுதல்' என்ற வினையின் வழிவந்த சொல் நிலைத்தது. சொற்கள் மாறின, சொல்வதும் பேசுவதும் வேறு என்ற பிரிவினை இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் மாறவில்லை.

கடைசியாக, பொறுப்பேற்காமல் சொல்லும் வகை. தீக்கித்தூர், ஃபெர்த்தூர், த்ராதித்தூர், பெர்ஹிபெந்த்: 'சொல்லப்படுகிறது', 'வழங்குகிறது', 'மரபாக வருகிறது', 'என்பர்'. தொல்காப்பியம் அடிக்கடி ஆளும் 'என்ப' நம் வாசகருக்கு நினைவு வரலாம். இலக்கண அளவில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 'ரோமுலுஸ் நகரை நிறுவியதாகச் சொல்லப்படுகிறது' என்பதில் லத்தீன் ரோமுலுஸையே சொல்லப்படுபவனாக்கி எழுவாய் இடத்தில் வைக்கும்: ரோமுலுஸ் ஊர்பெம் கொந்திதிஸ்ஸே தீக்கித்தூர். பலர் என்றால் வினையும் பன்மைக்கு மாறும்.

லிவியின் முதல் பகுதியைப் படிப்பவர் கையில் பென்சிலோடு உட்கார்ந்து, இத்தகைய வினை வரும் இடமெல்லாம் அடிக்கோடிட்டால் பயன் உண்டு. ரோமின் தொடக்கக் கதைகளில் அவர் எதைத் தம் சொல்லாகத் தருகிறார், எதைப் பிறர் சொல்லாகத் தள்ளி வைக்கிறார் என்பது வரி வரியாகத் தெரியும். ரோமுலுஸின் உடன்பிறந்தவனான ரேமுஸின் சாவுக்கு அவர் இரண்டு வடிவங்கள் தருகிறார். ஒன்றில் கூட்டத்தில் எழுந்த கைகலப்பில் அவன் விழுந்தான். மற்றதில் புதிய மதிலைத் தாண்டிக் குதித்து ஏளனம் செய்ததால் ரோமுலுஸே சினந்து அவனைக் கொன்றான். உலகம் நினைவில் வைத்திருப்பது இந்த இரண்டாவதைத்தான். லிவி அதை ஃபாமா, பலரிடையே வழங்கும் பேச்சு என்று குறித்துவிட்டே எழுதுகிறார்.